அட்லஸ் அந்துப்பூச்சி, சிங்கவால் குரங்கு: எது அருகிவரும் உயிர்?

கேள்வி: வால்பாறையில் குடியிருக்கிறோம். வாசல் விளக்கடியில் ஒரு சாண் அகலத்துக்கு அட்லஸ் அந்துப்பூச்சி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அபூர்வமானது, வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். சிங்கவால் குரங்கு அடிக்கடி கூரைமேல் ஏறுகிறது. அது அழியும் நிலையில் இருப்பதாகவும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: குரங்கைப் பற்றிச் சொன்னது சரி. பூச்சியை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

அட்லஸ் அந்துப்பூச்சிகளில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது அட்டாகஸ் டாப்ரோபானிஸ் என்ற இனம். வளர்ந்த பூச்சியால் எதையும் உண்ண முடியாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம் உயிரோடிருக்கும், அதுவும் இரவில்தான் பறக்கும். மீதிக் காலமெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று இலை மறைவில் போய்விடுகிறது. கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும்; அவற்றில் இரண்டு மட்டும் பிழைத்து இனம் பெருக்கினாலே எண்ணிக்கை குறையாது.

சிங்கவால் குரங்கின் கணக்கு வேறு. பெண் குரங்கு முதல் குட்டி ஈனவே ஐந்தாறு வயதாகிவிடும். கர்ப்பம் சுமார் ஆறு மாதம், ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி. சாலையில் ஒரு தாய் அடிபட்டால் அந்தக் கூட்டம் அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இந்த இனத்தில் மொத்தம் 4,000-க்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பீடு. கூரைக்கு வருவதை வைத்துப் பெருகிவிட்டதாக நினைக்காதீர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்ட காட்டில் மரத்துக்கு மரம் தாவ வழியில்லை, அதனால்தான் தரையிறங்குகிறது. (வாலில் குஞ்சமும் முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரியும் இருந்தால்தான் சிங்கவால். குஞ்சமில்லாத நீண்ட வால் என்றால் அது கருங்குரங்கு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

பூச்சிக்குச் செய்ய வேண்டியது, வாசல் விளக்கை அணைப்பது. தானே போய்விடும். சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வைக்காதீர்கள், குடிக்க வாயில்லை. இறக்கையைப் பிடித்துத் தூக்கினால் செதில்கள் உதிரும். தரையில் கிடந்தால் ஒரு குச்சியை நீட்டுங்கள், பற்றி ஏறும். இறக்கை சுருங்கியிருந்தால் இப்போதுதான் கூட்டிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். செங்குத்தான கிளையில் தொங்கவிட்டுச் சில மணி நேரம் தொடாமல் விட வேண்டும். தொங்க இடம் கிடைக்காவிட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும், பிறகு பறக்காது.

குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள், பரிதாபப்பட்டு ஒரு வாழைப்பழம்கூட வேண்டாம். கை உணவுக்குப் பழகியது வண்டிகளைத் தேடிச் சாலைக்கு வரும். சமையலறைக் கழிவை இறுக்கமான மூடியுள்ள தொட்டியில் போடுங்கள், ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். சாலைக்கு மேல் இருபுறமும் கிளைகள் தொட்டுக்கொண்டிருந்தால் வெட்டவிடாதீர்கள், குரங்குகள் கடக்கும் பாலம் அதுதான். அடிபட்டதைப் பார்த்தால், குட்டி தாயைப் பற்றிக்கொண்டிருந்தாலும் பிரிக்காமல் வனத்துறையை அழையுங்கள்.