ஜிப்ஸி நம்பரை வெட்டி வைத்தால் புதுக் காருக்கு ஆர்சி ஆகுமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்:

"ஐயா, எங்களுக்கு மூன்று ஏக்கர் தேயிலை. அப்பா ஓட்டிய 2008 மாடல் ஜிப்ஸி, பாடி முழுக்கத் துருவேறிப் போச்சு. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி நின்றது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே லோட்டஸ் செவன் மாதிரி கூரையில்லாத லைட்வெயிட் ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை. வரைபடம் வாங்கி, சதுரக் குழாயில் சேஸிஸை நானே வெல்டிங் வைத்தேன். ஜிப்ஸியின் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் இதில் ஏறிவிட்டது. அலுமினிய ஷீட், ஃபைபர் வேலை எல்லாம் கோவையில் ஒரு பட்டறை. இரண்டு வருஷ உழைப்பு, எடை 560 கிலோ. பட்டறைக்காரர் 3,40,000 ரூபாய் வாங்கும்போது 'ஆர்சி எல்லாம் நான் பாத்துக்கறேன்' என்றார். இப்போது வாட்ஸ்அப்பில், 'ஜிப்ஸி சேஸிஸ்ல நம்பர் இருக்கிற துண்டை வெட்டிப் புதுசுல வச்சிடலாம், யாருக்குத் தெரியப்போகுது' என்கிறார். தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான், அவனும் ஓட்டினான். போன வாரம் போலீஸ்காரர் நிறுத்தி எச்சரித்து விட்டார். சொந்தத் தோட்டத்தில் ஓட்டவும் ஆர்சி வேண்டுமா? இதற்கு ஆர்சி வாங்க என்ன வழி? வெளிநாட்டிலிருந்து முழு கிட்டாக வரவழைத்தால் சுலபமா?"

முதலில் அந்த வெட்டுகிற வேலை. தொடவே தொடாதீர்கள். ஆர்சி எஞ்சினுக்குக் கொடுப்பதில்லை; சேஸிஸோடு ஒட்டியது அது. எஞ்சின் போனால் அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை ஆர்டிஓ அனுமதியோடு மாற்றலாம். சேஸிஸை மாற்றினால் அது வேறு வண்டி. நம்பர் துண்டை வெட்டி ஒட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்காது. ஏமாற்றுதல், பொய் ஆவணம் புனைதல், அதை உண்மையென்று பயன்படுத்துதல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 336, 340 பிரிவுகள் வரிசையாக வந்து நிற்கும். வெட்டியவர் பட்டறைக்காரராக இருக்கலாம். எஃப்சிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, கையெழுத்துப் போடப் போவது நீங்கள்.

"யாருக்குத் தெரியும்" என்கிறாரே, அவர் பென்சில் பிரிண்ட் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை அழுத்தி வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார். எண்கள் வெள்ளையாக எழும். கூடவே, பற்றவைத்து கிரைண்டர் போட்ட விளிம்பும் ஒரு கோடாக எழும். மேலே எத்தனை கோட் பெயின்ட் இருந்தாலும் அந்தக் கோடு போகாது. ஒரு ஜீப் வழக்கில் அந்தத் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். என் கட்சிக்காரருக்காக வாதாட எனக்கு அதற்குமேல் ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, மறைக்காமல், "ஜிப்ஸியை மாற்றிக் கட்டியிருக்கிறேன்" என்று ஆர்டிஓவிடம் நேராகவே சொன்னால்? அதுவும் ஆகாது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மாநில விதியைக் காட்டியும் தப்ப முடியாது. கேஸ், பேட்டரி என்று எரிபொருள் மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கிட், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் போன்ற சில விலக்குகள் சட்டத்திலேயே இருக்கின்றன. கூரையைக் கழற்றி ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவது அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் எதை விட்டு எதை எண்ணுவது?

அப்படியானால் புது வண்டியாகவே பதிவு செய்யலாமே என்று தோன்றும். புது வண்டியைப் பதிய விற்பனைச் சான்று (படிவம் 21), தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்று (படிவம் 22) இரண்டும் வேண்டும். அதைத் தர நீங்களே தயாரிப்பாளர் ஆக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, தயாரிப்பாளர் மாதிரி வண்டியைப் புனே ஏஆர்ஏஐ, ஒரகடம் ஜிஏஆர்சி போன்ற சோதனை மையங்களில் ஒப்படைத்துத் தேற வேண்டும். பிரேக், புகை, விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். 2017 அக்டோபர் முதல் புது மாடல் கார்களுக்கு நேர்மோதல், பக்கமோதல் சோதனைகளும் சேர்ந்துவிட்டன. அதாவது வண்டியைச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. ஆயிரக்கணக்கில் விற்பவன் ஒன்றிரண்டை உடைக்கக் கொடுப்பான். நீங்கள் உடைத்துவிட்டு எதை ஓட்டுவீர்கள்?

இங்கிலாந்தில் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். அங்கே கதை வேறு. 1957-இல் லோட்டஸ் செவன் வந்தபோது முழுக் காருக்கு வரி, பாகங்களாக வாங்கிப் பூட்டினால் அந்த வரி இல்லை. வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் பழக்கமே அதை ஒட்டி வளர்ந்தது. இன்றைக்கும் ஒற்றை வண்டியைத் தனியே சோதித்து ஒப்புதல் தரும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. வீட்டில் கட்டுபவருக்கென்று அப்படியொரு வாசலை நம் விதிகள் வைக்கவில்லை. யூடியூபில் பார்க்கும் வண்டிகளுக்கு நம்பர் எப்படி வந்தது என்று வியக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு கிட் பற்றி ஒரே வரி: பிரித்துப் பெட்டிகளில் வந்தாலும், பூட்டினால் முழுப் பொருள் ஆகும் சரக்கை முழுப் பொருளாகவே வகைப்படுத்தச் சொல்கிறது சுங்கத் தீர்வை விளக்க விதி 2(அ). வரி கட்டியும் ஆர்சி பிரச்சினை அப்படியே இருக்கும்.

இனி தோட்டத்து ரோடு. சொந்த நிலம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவைப் படித்தால் தூக்கிவாரிப்போடும். பதிவில்லாத வண்டியைப் "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ" ஓட்டக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. பாடி பூட்டாத வெறும் சேஸிஸ்கூட மோட்டார் வாகனம்தான் என்கிறது 2(28). அதே பிரிவில் ஒரு சிறு கதவும் உண்டு. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்புக்குள்ளோ மட்டும் பயன்படும் தனி வகை வண்டி மோட்டார் வாகனம் ஆகாது. ஆனால் ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டுக்கு இடம் எல்லாம் வைத்துக் கட்டிவிட்டு, "இது அடைப்புக்குள் ஓடும் வண்டி" என்று வாதாட என்னால் முடியாது. அதுபோக, நம் மலையில் தோட்டத்து ரோடு எங்கே அடைப்பாக இருக்கிறது? பால் வண்டி போகும், பச்சைத் தேயிலை மூட்டை போகும், மேலே ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) போகிறவர்கள் நடப்பார்கள். பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள வழி பொது இடம்தான். போலீஸ்காரர் எச்சரித்து விட்டது அவருடைய பெருந்தன்மை. 207-இல் வண்டியைப் பறிமுதல் செய்திருக்கலாம். பதிவில்லாமல் ஓட்டியதற்கு முதல் முறை 2,000 முதல் 5,000 வரை, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 என்று அபராதம் போட்டிருக்கலாம்.

அபராதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பதிவில்லாத வண்டிக்கு யாரும் இன்சூரன்ஸ் தரமாட்டார்கள். கொண்டை ஊசி வளைவில் ஒருவர் மேல் மோதி, மோட்டார் விபத்து தீர்ப்பாயம் இழப்பீடு விதித்தால், கம்பெனி கட்டிவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலிக்கும் என்ற பேச்சே இல்லை. நேராக உங்கள் மூன்று ஏக்கருக்கு ஜப்தி வரும். உயிர் போனால் சன்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. ஜிப்ஸியின் எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கீழே. அதற்கென்று வைத்த பிரேக் 560 கிலோ வண்டியில் எப்படிப் பிடிக்கும், இறக்கத்தில் பின்சக்கரம் முதலில் இழுத்துக்கொள்ளாதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார். நான் மெக்கானிக் இல்லை, எனக்கே இந்தக் கேள்வி தோன்றுகிறது.

அக்கா மகன் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பதினெட்டு நிறையாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 199ஏ பிரிவில் குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 அபராதம். அவனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது. ஓராண்டுக்கு ஆர்சியை ரத்து செய்யவும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் விஷயத்தில் ரத்து செய்ய ஆர்சியே இல்லை என்பது வேறு கதை. சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ இரண்டு வருஷ உழைப்பு வீணா? இல்லை. அதை ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டியாக ஒப்புக்கொள்ளுங்கள். கோவையில் கார் பந்தய வீரர் கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் கட்டினார். அவை நம்பர் பிளேட்டுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிவிடலாம். ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். டிராக்கில் ஓட்ட அவர்கள் கேட்கும் பாதுகாப்புச் சாமான்களும் சோதனையும் தனி. இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட் தாங்கியையும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் படங்கள், குழாய், பிரேக் பில்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

ஜிப்ஸிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சேஸிஸ் முழுசாக இருக்கிறது என்றால், அதே வகை எஞ்சினை அனுமதியோடு பூட்டி ஜிப்ஸியாகவே எழுப்பலாம். அது ஆகாது என்றால், இனி பயன்படாது என்று ஆர்சியோடு எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். 55-ஆம் பிரிவு அதற்குப் பதினான்கு நாள் என்கிறது. ஆர்சி அப்பா பெயரில் இருந்தால் கையெழுத்து அவருடையது. வண்டி இல்லாத ஆர்சி பீரோவில் கிடந்தால் என்றைக்காவது ஒரு புரோக்கர் அதைக் கேட்டு வருவான்.

பட்டறைக்காரரிடம் கொடுத்த பணம்: "ஆர்சி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிப் பணம் வாங்கியது நியாயமற்ற வணிக நடைமுறை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகையில், புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செய்த அலுமினிய வேலைக்கான கூலியைக் கழித்துத்தான் கிடைக்கும், முழுத் தொகையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். நம்பரை வெட்டி வைக்கலாம் என்று அவர் வாட்ஸ்அப்பில் சொன்னபோது நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? கட்டைவிரல் படம் போட்டிருந்தால் வழக்கு பலவீனம். சட்டவிரோதத்துக்கு உடன்பட்டவருக்கு எந்த மன்றமும் பணம் வாங்கித் தராது. இன்னும் பதில் சொல்லவில்லை என்றால், "இதற்கு எனக்குச் சம்மதம் இல்லை" என்று இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காமல் அதே போனில் வையுங்கள். பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றோடு அவற்றைத் தாக்கல் செய்யலாம்.

வண்டியின் சாமான் ஏதாவது பெயின்டுக்கோ மோல்டுக்கோ அந்தப் பட்டறையில் இன்னும் கிடந்தால் முதலில் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அது லேசில் கைக்கு வராது.