பழைய கம்ப்யூட்டரைத் தமிழ் வகுப்புக்குக் கொடுக்கும் முன் டெலீட் செய்தால் போதுமா?

உங்கள் கேள்வி இதுதானே: வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு மேசைக் கம்ப்யூட்டரும் சும்மா கிடக்கின்றன. இரண்டையும் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்புக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள். ஃபைல்களை எல்லாம் டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டீர்கள். அது போதுமா, இல்லை உங்கள் மச்சான் சொல்வதுபோல ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமா?

டெலீட் போதாது. சுத்தியலும் வேண்டாம். முறையாக அழிக்க ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு சாயங்காலம் போதும். அந்த வேலையை நீங்களே உங்கள் வீட்டில் வைத்துச் செய்ய வேண்டும், வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விடக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், நான் இந்தக் கம்ப்யூட்டர்களை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருப்பவன். சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வருகிற பழைய பெட்டிகளைப் பிள்ளைகள் கையில் போவதற்கு முன் தயார் செய்கிறேன். திறந்தால் என்னென்ன இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்: ஐடி புத்தகத்தின் ஸ்கேன், சம்பளச் சீட்டு, ஆயாவின் பென்ஷன் கடிதம், ஃப்யூனரல் பாலிசி, ஆஸ்பத்திரி ரிசல்ட், பிள்ளையின் மெட்ரிக் சர்டிஃபிகேட். பிரவுசரைத் திறந்தால் ஜிமெயில் உள்ளேயே போய்விடும். கொடுத்தவர்கள் எல்லாரும் நல்ல மனத்தோடு கொடுத்தவர்கள். ஆனால் அவர்கள் வீட்டு ரகசியத்தைப் பார்க்காமல் பாதுகாக்கும் பொறுப்பை நம் தலையில் வைத்துவிடுகிறார்கள். நான் பார்க்காமல் அழித்துவிடுவேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர், மண்டபத்தில் நான்கு நாள் வைத்திருக்கிறவர், அங்கே எட்டிப் பார்க்கிறவர், இவர்கள் எல்லாருக்காகவும் நான் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?

நம் நாட்டில் இதற்கு ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. தென்னாப்பிரிக்க ஐடி எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த நான்கைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். பேங்க் நம் அடையாளத்தைச் சரிபார்க்கக் கேட்கும் ஃபிகா தாள்களைக் கொடுப்பதற்காக ஐடி நகலையும் வீட்டு முகவரிச் சான்றையும் ஒரே ஃபோல்டரில் ஸ்கேன் செய்து வைத்திருப்போம். பக்கத்திலேயே மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கும். கடனுக்கு ஒரு அக்கவுன்ட் திறக்கக் கேட்கிற தாள்களும் இவைதான். திருடுகிறவன் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் நாமே கட்டு கட்டி வைத்திருக்கிறோம்.

சரி, டெலீட் செய்தால் என்ன ஆகிறது? ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் நீங்குகிறது, அந்த இடம் காலி என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. உள்ளே இருந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை. வாசலில் இருக்கும் வீட்டு எண் பலகையைக் கழற்றிவிட்டால் வீடு காலியாகிவிடுமா? குவிக் ஃபார்மேட்டும் இதே கதைதான். ஃபோட்டோரெக், ரெக்குவா போன்ற இலவச மென்பொருள்களை வைத்து யார் வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளைச் சந்தையில் வாங்கி ஆராய்ந்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129-ல் சரியாக அழிக்கப்பட்டவை 12 மட்டுமே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ மாறிவிட்டன, நம் பழக்கம் அவ்வளவாக மாறவில்லை.

அழிக்கும் முன் பேக்கப். இதில் அவசரப்படாதீர்கள். வரித் தாள்களை வரித்துறையான சார்ஸ் கேட்டால் காட்ட ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், அவற்றை முதலில் எடுங்கள். அப்புறம், நம் வீடுகளில் பலருக்கு 1860-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பாட்டன் பாட்டியின் பெயரும் எண்ணும் உள்ள கப்பல் பட்டியலின் ஸ்கேன் இருக்கும். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ கார்டுக்காக யாரோ ஒரு மாமா அலைந்து திரிந்து எடுத்தது. அது பெரும்பாலும் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும். பழைய கல்யாணப் படங்கள், காவடி வீடியோக்கள் எல்லாம் அதே மாதிரிதான். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பார்த்த பிறகு அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அழிக்கும் நேரத்தில் அது செருகியிருந்தால், தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட ஒரு விநாடி போதும்.

அடுத்து, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைப் பார்த்தால் எழுதியிருக்கும். அழிக்கும் முறை இதைப் பொறுத்துத்தான் மாறும்.

உங்கள் மேசைக் கம்ப்யூட்டரில் அனேகமாக ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அதற்கு வழி சுலபம்: முழு டிஸ்க்கின் மேலும் ஒருமுறை பூஜ்யங்களை எழுதிவிட்டால் முடிந்தது. ஷ்ரெட் ஓஎஸ் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. யுஎஸ்பி குச்சியில் ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கினால், அதற்குள் இருக்கும் என்வைப் என்ற நிரல் டிஸ்க்கை முழுதாக அழிக்கும். பழைய ஆட்கள் டிபேன் என்ற வேறொரு மென்பொருளைச் சொல்வார்கள். அது 2015-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஷ்ரெட் ஓஎஸ்ஸையே எடுங்கள். ஏழு முறை எழுத வேண்டும், 35 முறை எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த 35 என்ற எண் பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய டிஸ்க்குகளின் பல வகைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது அது. இன்றைய டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னால் சொல்லிவிட்டார். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை எழுதுவதே பொதுவாகப் போதும் என்கிறது. 500 ஜிபி டிஸ்க்குக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு 2023-ல் நம்மைப் படுத்திய அளவுக்கு இப்போது இல்லை, ஆனாலும் கரன்ட் போனால் பாதியில் நின்றுவிடும். நின்றால் தொடர வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருந்தால் இந்த வழியை நம்பாதீர்கள். எஸ்எஸ்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், எழுதுவதை உள்ளுக்குள்ளேயே வேறு வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்குக் காட்டாமல் கொஞ்சம் இடத்தை ஒதுக்கியும் வைத்திருக்கும். நீங்கள் பூஜ்யம் எழுதியது ஓரிடம், பழைய பேங்க் ஸ்டேட்மென்ட் உட்கார்ந்திருப்பது வேறிடம் என்று ஆகிவிடலாம். ஆகவே அழிக்கச் சொல்லி அந்த எஸ்எஸ்டிக்கே கட்டளை கொடுக்க வேண்டும். செக்யூர் இரேஸ் என்பது அதுதான். சாம்சங் மெஜிஷியன், க்ரூஷியல் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ் போல அந்தந்தக் கம்பெனியின் மென்பொருளில் கிடைக்கும். டெல், ஹெச்பி லேப்டாப்களில் அலுவலக மாடல்கள் பலவற்றில், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையிலேயே இருக்கும்.

இவை எதுவும் அமையவில்லை என்றால் நான் சொல்வது: முதலில் முழு டிஸ்க்கையும் என்க்ரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், இல்லையென்றால் வெராக்ரிப்ட். பிட்லாக்கர் கேட்கும்போது பயன்படுத்திய இடம் மட்டும் என்பதை விட்டு, முழு டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் விண்டோஸின் ரீசெட் திஸ் பிசி. அதில் ரிமூவ் எவ்ரிதிங் என்று கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். சேஞ்ச் செட்டிங்ஸ் உள்ளே போய் க்ளீன் டேட்டாவை ஆன் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் எல்லாவற்றையும் அழிக்கவும் அங்கேயே சொல்ல வேண்டும். பலர் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு, படங்கள் எல்லாம் இருக்கும் டி டிரைவை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். சாதாரண ரீசெட்டை மட்டும் நம்பிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மேக் என்றால் அழிக்கும் முன் ஐகிளவுடிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். திருட்டைத் தடுக்க மேக்கைப் பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டி வைக்கும் ஃபைண்ட் மை அணைக்கப்படாமல் வந்த மேக்கை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு சோதித்துப் பாருங்கள், இதை விட்டுவிடாதீர்கள். ரெக்குவாவையோ ஃபோட்டோரெக்கையோ அந்த டிஸ்க்கில் ஓட விடுங்கள். புது விண்டோஸின் ஃபைல்கள் வந்தால் பரவாயில்லை. உங்கள் வீட்டுப் படம் ஒன்றுகூட வரக் கூடாது.

சுத்தியலுக்கும் ஒரு இடம் உண்டு. டிஸ்க் பழுதாகி எழுதவே முடியவில்லை என்றால், அழிக்க வேறு வழி இல்லை. கழற்றி, உள்ளே இருக்கும் வட்டுகளில் டிரில்லால் துளை போடுங்கள். எஸ்எஸ்டி என்றால் சிப்புகளையே உடைக்க வேண்டும். மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், 2021 ஆகஸ்ட் 23 முதல் மின்கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை இருக்கிறது. மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். நன்றாக ஓடுகிற டிஸ்க்கை மட்டும் தயவுசெய்து உடைக்காதீர்கள். மச்சானின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிஸ்க் இல்லாமல் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் வகுப்பு காசு போட்டு வாங்க வேண்டும், அந்தக் காசு பிள்ளைகளின் புத்தகத்துக்குப் போக வேண்டியது.

இன்னொன்று. அந்த மேசைக் கம்ப்யூட்டர் கடைக்கோ கோயில் கமிட்டிக்கோ பயன்பட்டிருந்தால் நிலைமை வேறு. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் வீட்டு விவகாரங்களுக்குப் பொருந்தாது. ஆனால் உறுப்பினர் பட்டியல், நன்கொடைக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அதற்குள் வரும். மறுபடி படித்துப் புரிந்துகொள்ள முடியாத வகையில் அழிக்க வேண்டும் என்று அதன் 14-ஆம் பிரிவு சொல்கிறது. என்றைக்கு, எந்த முறையில் அழித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்பே வேறு யாருக்காவது ஒரு கம்ப்யூட்டரை அழிக்காமல் கொடுத்திருந்தால், இன்றே ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பட்டியலையும் பாருங்கள். ஐடி நகல் அதில் இருந்திருந்தால் சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸில் ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது உங்கள் பெயரில் மோசடி நடக்காமல் இருக்க ஒரு எச்சரிக்கைப் பதிவு, செய்துகொள்ளலாம், இலவசம்தான்.

விண்டோஸ் திரும்ப ஏற்றித் தர முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, உங்கள் பெட்டிகள் 11-ஐ ஏற்காத வயதாக இருக்கலாம். எங்கள் வகுப்பில் அப்படி வருவதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, தமிழ் விசைப்பலகையையும் அமைத்துவிடுகிறோம், பிள்ளைகள் ஒரே வகுப்பில் பழகிவிடுகிறார்கள். காலி டிஸ்க்கோடு கொடுத்தாலே போதும். சிடி டிரேயையும் மெமரி கார்டு துவாரத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள், அடியில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய சீட்டைக் கிழித்துவிடுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் எடுத்துவிட்டு, லேப்டாப்பின் சார்ஜரையும் அதே பையில் வைத்துக் கொடுங்கள்.