பனியே பாக்காத ஆளு கிறிஸ்மஸ் கவிதைய எங்கேருந்து தொடங்கறது?

கிறிஸ்மஸ், குளிர்கால கவிதைங்க படிக்க ஆசை, ஆனா பனியே பாத்ததில்ல, மனசுல ஒட்டுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா ஒட்டும். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல வளர்ந்தவன், டிசம்பர்னா எங்களுக்கு மழை, பால்மரம் நனைஞ்சு கெடக்கும், பால் வெட்டுக்கு போக முடியாது, வீட்டுல காசு இறுக்கம், இதான் எங்க குளிர்காலம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட், பனி விழற சாயங்காலம் ஒருத்தன் காட்டோரமா குதிரைய நிறுத்திட்டு நிக்கறத பத்தி ஒரு கவிதை எழுதியிருக்காரே, ரொம்ப பிரபலம், அத அவரு எழுதினது 1922 ஜூன் மாசம், நல்ல கோடையில! எழுதினவருக்கே அன்னிக்கு பனி தேவைப்படல, படிக்கற நமக்கு எதுக்கு. இங்கிலாந்து கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டி இன்னும் ஒரு படி மேல, 1872ல வந்த அவங்க பாட்டுல ஏசு பொறக்கறப்போ பனிமேல பனியா கொட்டுது, தண்ணி கல்லா இறுகிப்போச்சு. அது இங்கிலாந்து குளிரு, அத அப்படியே பெத்லகேமுக்கு தூக்கிட்டு போயிட்டாங்க, யாரும் கேள்வி கேக்கல, 1906ல ஹோல்ஸ்ட்ங்கற இசையமைப்பாளர் மெட்டு போட்டதுலருந்து சர்ச்ல பாடிட்டே இருக்காங்க.

ஆனா நீங்க தொடங்க வேண்டியது இங்கிலாந்து எழுத்தாளர் தாமஸ் ஹார்டியோட 'தி ஆக்ஸன்', அதாவது மாடுங்க. சின்ன கவிதை, 1915 டிசம்பர் 24 லண்டன் டைம்ஸ் பேப்பர்ல வந்தது, முதல் உலகப்போர் நடந்துட்டு இருந்த நேரம். கிறிஸ்மஸ் ராத்திரி பன்னெண்டு மணிக்கு தொழுவத்துல மாடெல்லாம் மண்டி போடும்னு அந்த ஊரு பெரியவங்க நம்பிக்கை. ஹார்டிக்கு வயசாச்சு, நம்பிக்கை போச்சு, இருந்தாலும் யாராவது வா போய் பாக்கலாம்னு கூப்ட்டா இருட்டுல கூடவே போவேன், ஒருவேளை நெசமா இருக்கலாம்னு சொல்றாரு. எங்க பாட்டி தோட்டத்து லயத்து வீட்டுக்கு பின்னாடி மாடு வச்சிருந்தாங்க, மாடு படுக்கறத கிட்ட நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், முன்னங்கால ரெண்டையும் மடக்கி முட்டி போட்டு ஒரு நொடி அப்படியே நின்னுட்டுதான் பின்பக்கம் எறங்கும். இந்தக் கதைய ஒரு மாட்டுக்காரன்தான் கெளப்பி விட்டிருக்கணும்.

அடுத்து கவிஞர் டி.எஸ். எலியட்டோட கவிதை, கொழந்த ஏசுவ பாக்கப் போன மூணு ஞானிங்க பயணம், 1927. நட்சத்திரம், பரிசு எல்லாம் ஓரம், ஒட்டகம் கால் புண்ணாகி படுத்துக்குது, ஒட்டகக்காரன் திட்டிட்டு ஓடறான், போற ஊர்ல எல்லாம் வெல ஜாஸ்தி. எனக்கு இதான் ரொம்ப புடிச்சது. இந்த காலத்து ஆளு வேணும்னா பிரிட்டிஷ் கவிஞர் கேரல் ஆன் டஃபி, 1914ல போர்முனையில ரெண்டு பக்க சோல்ஜருங்களும் கிறிஸ்மஸுக்கு சண்டைய நிறுத்தினத பத்தி 2011ல எழுதியிருக்காங்க. எட்டு மான் வண்டியில சாந்தா வர 1823 கவிதைய பிள்ளைங்களுக்கு விட்டுடுங்க.

இதெல்லாம் முடிச்சிட்டு நம்ம சங்கப் பாட்டு நெடுநல்வாடைய எடுங்க, கிறிஸ்மஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லதான். மழை கொட்டி வெள்ளம், வெறுத்துப்போன இடையருங்க மாட்ட மேட்டுக்கு ஓட்டிட்டு வந்து நெருப்புல கை காச்சிட்டு நடுங்கறாங்க, குரங்கு குன்னிப்போகுது, பறவை கீழ விழுது, பசு கன்னுக்குட்டிய பால் குடிக்க விட மாட்டேங்குது. அப்படியே நம்ம டிசம்பர். மொத்தம் 188 அடிதான், ஆனா உரை இல்லாத புத்தகம் வாங்கிடாதீங்க, பத்து வரியிலயே மூடி வச்சிடுவீங்க.