உடன் வருபவர்

அன்புள்ள அம்மா,

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் சுகவனேசுவரர் கோயிலில் எங்கள் திருமணம் நடந்தது. முதுகலைப் படிப்புக்கு இங்கிலாந்தில் ஓராண்டுக்கும் ஜெர்மனியில் ஈராண்டுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. மனைவி ஆத்தூரில் தனியார் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியை. "நீ போய் ஊன்றிக்கொண்ட பிறகு அவளைக் கூட்டிக்கொள், அதுவரை எங்களோடு இருக்கட்டும்" என்கிறார்கள் பெரியவர்கள். கையோடு அழைத்துச் செல்வதா, பிறகா? எந்த நாடு?

க.

அன்புள்ள க.,

உங்கள் எண்ணம் கடிதத்தில் இருக்கிறது, பெரியவர்களின் எண்ணமும் இருக்கிறது; உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு இருவருமாகச் சேர்ந்து இதைப் படியுங்கள்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்புக்கு வருபவர்களும் அரசு உதவித்தொகையில் படிப்பவர்களும் மட்டுமே துணையை அழைத்து வரலாம். உங்களுடையது சாதாரண முதுகலை என்றால், அங்கே போவது ஓராண்டுப் பிரிவுக்குச் சம்மதித்துப் போவதுதான்.

என் தங்கை பல ஆண்டுகளுக்கு முன் மாணவரின் மனைவியாக அமெரிக்கா சென்றாள். அங்கே எஃப்-2 விசாவில் வருபவர் வேலை செய்யக் கூடாது; அது இன்றைக்கும் அப்படித்தான். சேலத்தில் வங்கியில் தினமும் லட்சக்கணக்கில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அங்கே ஒரு சிறு நோட்டில் பால், ரொட்டி, பேருந்துக் கட்டணம் என்று ஒவ்வொரு டாலரையும் எழுதிவைத்தாள். கணவர் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. அந்த நோட்டை இங்கே வந்தபோது என்னிடம் காட்டினாள். பென்சிலால் எழுதி, கூட்டல் தவறிய இடங்களை அழித்து அழித்துத் திருத்தியிருந்தாள். அதைப் பார்த்த நாள் முதல், துணையாக வருபவர் அங்கே சம்பாதிக்க முடியுமா என்பதைத்தான் நான் எவரிடமும் முதலில் கேட்கிறேன்.

ஜெர்மனியில் முடியும். குடும்ப விசாவில் வரும் வாழ்க்கைத்துணை எந்த வேலைக்கும் போகலாம். ஆனால் புறப்படும் முன்பே அவர் ஏ1 எனும் தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். சென்னையில் கோதே நிறுவனம் அந்தத் தேர்வை நடத்துகிறது. ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து தொடங்குபவருக்குச் சில மாத உழைப்பு தேவை. ஆகவே நீங்கள் முன்னால் போய், அவர் தேர்வை முடித்துக்கொண்டு பின்னால் வருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த மாதங்களை அம்மாபேட்டையில் கழிப்பதா, ஆத்தூரில் பள்ளிக்கு அருகிலேயே இருந்து மாலையில் மொழி படிப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பெரியவர்களிடம் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

ஒன்றை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏ1 என்பது கடையில் பொருள் கேட்கவும் வழி விசாரிக்கவும் போதுமான மொழி. அங்குள்ள அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர மிக உயர்ந்த நிலை ஜெர்மனும் பட்டத்துக்கு அங்கீகாரமும் வேண்டும். முதல் ஆண்டில் வேறு வேலைதான் கிடைக்கும் என்று தெரிந்தே அவர் வரட்டும். பள்ளி சம்பளமில்லா விடுப்புக் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ளலாம். அவசரப்பட்டு ராஜினாமா செய்ய வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஓராண்டுச் செலவுக்கென உங்கள் ஒருவருக்கே 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்புள்ள வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். மனைவிக்குத் தனியாகவும் காட்டியாக வேண்டும். மாணவர் விடுதி அறை பெரும்பாலும் ஒருவருக்கானது, விசாவுக்கோ இருவர் தங்கப் போதிய இடம் கேட்பார்கள். அதனால் போனவுடனே வீடு தேடத் தொடங்குங்கள். அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் சேர்ந்தால், சம்பாத்தியம் இல்லாதவரை அவரும் கூடுதல் கட்டணமின்றி அதிலேயே சேர்வார்.

இத்தனைக்கும் அடிப்படை திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயில் ரசீது மட்டும் விசாவுக்குப் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே மீதியிருக்கிறது. இந்த வாரமே இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்; விண்ணப்பத்தில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் அவரையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.