7.12-ஆ, 7.36-ஆ?

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளின் பயிற்சித் தாளில் ஒரு கணக்கு. சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் தூரம் 120 கி.மீ. காலை 6 மணிக்குச் சேலத்திலிருந்து 60 கி.மீ. வேகத்தில் ஒரு ரயிலும், 7 மணிக்கு ஜோலார்பேட்டையிலிருந்து 40 கி.மீ. வேகத்தில் இன்னொன்றும் எதிரெதிரே புறப்பட்டால் எப்போது சந்திக்கும்? எதிர்த்திசை என்பதால் வேகங்களைக் கூட்டி, 120-ஐ 100-ஆல் வகுத்து, 7.12 என்றேன். விடைக்குறிப்பில் 7.36 என்றிருக்கிறது. சூத்திரம் தவறா, அச்சுப் பிழையா?

ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

விடைக்குறிப்புகளில் பிழை மலிந்திருப்பதால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் இம்முறை அது சரி. சூத்திரமும் சரி. 7.12-க்குச் சேலத்து வண்டி 72 கி.மீ. வந்திருக்கும்; பன்னிரண்டே நிமிடம் ஓடிய மற்றது 8 கி.மீ. தான் வந்திருக்கும், நடுவே இன்னும் 40 கி.மீ. கிடக்கும். ஆறு மணி முதல் ஏழு மணி வரை ஜோலார்பேட்டை வண்டி நடைமேடையிலேயே நின்றிருந்தது, நீங்களோ அதையும் ஓடவிட்டுவிட்டீர்கள். இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் வேகங்களைக் கூட்டலாம். ஏழு மணிக்கு மிச்சமிருப்பது 60 கி.மீ.; அதை 100-ஆல் வகுத்தால் 36 நிமிடம். சேலத்திலிருந்து 96-ஆவது கிலோமீட்டரில் சந்திப்பு. (பொம்மிடியிலும் மொரப்பூரிலும் வண்டி நிற்பதையெல்லாம் கணக்கு கண்டுகொள்வதில்லை.)

வேகங்களை ஏன் கூட்டுகிறோம் என்பதை மகளுக்குக் காட்ட, சேர்வராயன் மலையடிவாரத்தில் லோக்கூர் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்காரவைத்துக் கைக்கடிகாரத்தைக் கொடுங்கள். ரயில் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். என்ஜினை விட்டுவிட்டால் இருபது பெட்டி வண்டி 440 மீட்டர். நம் வண்டி சிக்னலுக்காக நிற்கையில், 60 கி.மீ. வேகத்தில் அது எதிரே வந்தால், அதாவது விநாடிக்கு 16.67 மீட்டர் வீதம், முதல் பெட்டி ஜன்னலைத் தொட்டது முதல் கடைசிப் பெட்டி விலகி மலை மீண்டும் தெரியும்வரை சுமார் 26 விநாடி ஆகும். நாமும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், தடதடவென்ற அந்த இரைச்சல் 13 விநாடியில் அடங்கிவிடும். எதிர்வண்டி வேகத்தைக் கூட்டவில்லை. நம் வேகம்தான் அதோடு சேர்ந்துகொண்டது.

இதில் நம் வண்டியின் நீளம் எங்கே போயிற்று என்று அவள் கேட்டால், அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.