அதிபர் தேர்தல் வழக்குகளும் ஆட்சி மாற்றமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இலங்கையில் ஆட்சி மாறினால் பாம்பன், தங்கச்சிமடம் விசைப்படகுக்காரர்கள் அன்றைக்கே அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பிடிபட்ட படகுகளின் கதி அந்த மாற்றத்தோடு பிணைந்திருக்கிறது. இம்முறை வந்த கேள்விகள் பலவும் ஆட்சி மாற்றத்தை ஒட்டியே அமைந்தன.

பாம்பன் வாசகர்: 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி வாக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கலவரம் வரவில்லையே, ஏன்?

அத்தகைய நிலைமைக்கான விதி தேர்தலுக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததுதான் முதற்காரணம். அங்கே வாக்காளர் தம் முதல் விருப்பத்தோடு அடுத்த விருப்பங்களையும் சீட்டில் குறிக்கலாம். அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம் பெற்றிருந்தார்; முதல் இருவர் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளின் அடுத்த விருப்பங்கள் அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக எண்ணப்பட்டன. செப்டம்பர் 21 வாக்குப்பதிவு, 23 பதவியேற்பு. ஆனால் விதி மட்டும் போதாது. 2010இல் தோற்ற முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகா இரண்டே வாரத்தில் கைது செய்யப்பட்டார். தோற்றால் சிறை என்ற அச்சம் நிலவும் நாட்டில் எவரும் மனமுவந்து பதவியை விட மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. 2015இல் மகிந்த ராஜபக்ச முழு முடிவு வருமுன்னரே தோல்வியை ஏற்று வெளியேறியதை, அவரது அரசியலோடு உடன்படாதவர்களும் மதிக்க வேண்டும்.

கீழக்கரை வாசகர்: அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வழக்கும் 2020ஆம் ஆண்டுத் தகராறும் ஒன்றுதானே?

இல்லை. 2000இல் புளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே வித்தியாசம் வெறும் 537. மறு எண்ணிக்கை கேட்டு அல் கோர் வழக்காடியதில் தவறே இல்லை. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. தீர்ப்போடு தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே மறுநாள் அவர் தோல்வியை ஏற்றார். நாடு முழுவதையும் கூட்டினால் அவருக்கே ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்குகள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 2001 ஜனவரி 6 அன்று அதிபரை முடிவு செய்யும், மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகளை எண்ணும் நாடாளுமன்றக் கூட்டத்துக்குத் துணை அதிபர் என்ற முறையில் தலைமை வகித்தவரும் அவர்தாம். புளோரிடா முடிவை எதிர்த்து அவரது கட்சி உறுப்பினர்களே ஒருவர் பின் ஒருவராக எழுந்தபோது, செனட் உறுப்பினர் ஒருவரின் கையொப்பம் இல்லாத ஆட்சேபம் செல்லாது என்று ஒவ்வொன்றையும் தள்ளி, எதிராளி வென்றதைத் தம் வாயாலேயே அறிவித்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே நாளில், அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் டிரம்ப் தரப்புக்குத் தோல்வி கிடைத்திருந்தும், அவர் தோல்வியை ஏற்காத நிலையில் அவரது ஆதரவாளர் கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. எண்ணிக்கை தடைப்பட்டு மறுநாள் விடியுமுன்தான் முடிந்தது. வழக்காடுவது உரிமை, தீர்ப்புக்குப் பின்னும் முடிவை வன்முறையால் தடுக்க முனைவது உரிமையாகாது. துணை அதிபருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் கிடையாது என்றும், ஆட்சேபம் எழுப்ப இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும் என்றும் 2022இல் சட்டம் திருத்தப்பட்டது.

தொண்டி வாசகர்: பதவியில் இருப்பவர் வென்றதாக அறிவித்த பிறகு, நீதிமன்றம் அதை ரத்து செய்ததுண்டா?

உண்டு. கென்யாவில் 2017 ஆகஸ்டுத் தேர்தலை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று ரத்து செய்தது. மறுதேர்தலை எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்கா புறக்கணித்ததால் மனக்கசப்பு தீரவில்லை. மலாவியின் கதை வேறு. அங்கே 2019 தேர்தலின் முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளை மை பூசி அழித்துத் திருத்தியிருந்தது நீதிமன்றத்தில் அம்பலமாகி, அத்தேர்தல் ரத்தானது. 2020 ஜூனில் நடந்த மறுதேர்தலில் பதவியில் இருந்த முத்தாரிகா தோற்று, சக்வேரா அதிபரானார்.

ராமேஸ்வரம் வாசகர்: நம் கலாம் அமர்ந்திருந்த குடியரசுத் தலைவர் பதவிக்கான தேர்தலையும் எதிர்த்து வழக்குப் போடலாமா?

போடலாம், அரசமைப்புச் சட்டத்தின் 71ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றம் ஒன்றே அதை விசாரிக்கும். 1969இல் இரண்டாம் விருப்ப வாக்குகளால் வென்ற வி.வி. கிரி மீது வழக்கு வந்தபோது, பதவியில் இருந்துகொண்டே அவர் நேரில் வந்து சாட்சியம் அளித்தார். வெற்றி செல்லும் என்று தீர்ப்பானது. இப்படி ஒரு தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானாலும், அதற்கு முன் அந்தக் குடியரசுத் தலைவர் பதவியின் பேரில் செய்த செயல்கள் செல்லும்.