பிசுபிசுக்கும் சிலிகான் கொம்பு: குளிர் காரணமில்லை
கொடைக்கானலில் இரவு ஊற்றிய நாடகக் கொம்பு, அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுக்கிறது என்கிறீர்கள். குளிர் காரணமென்றால் உள்ளேயும் கூழாகவே இருந்திருக்கும், அச்சில்தான் கோளாறு. பிளாட்டினம் சிலிகானுக்கு, அதாவது பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகைக்கு, கந்தகமும் டின்னும் (வெள்ளீயம்) ஆகவே ஆகாது. கந்தகம் கலந்த மாடலிங் களிமண், லேடக்ஸ் கையுறை, டின் வினையூக்கியால் இறுகும் சிலிகானில் செய்த அச்சு, எது பட்டாலும் சிலிகானின் அந்த மேற்பரப்பு இறுகாது. சூடாக்கியும் பயனில்லை.

ஜிப்சத்தில் புது அச்சு எடுங்கள். அங்கே பனிமூட்டத்தில் அது சீக்கிரம் உலராது, அவசரப்பட வேண்டாம். உலர்ந்ததும் அக்ரிலிக் ஸ்ப்ரே 2 பூச்சு, பிறகு வாசலின் மெல்லிசாக. நைட்ரைல் கையுறையோடு, சிலிகானின் இரண்டு பாகங்களையும் டப்பாவில் எழுதியிருக்கும் விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். முதலில் அச்சின் ஓரத்தில் 10 கிராம் ஊற்றிப் பாருங்கள். அறை 23 டிகிரி இருந்தால் நல்லது. குறைந்தால் இறுக நேரம் கூடும், அவ்வளவுதான்.